மெக்சிக்கோவின் இரண்டு குளிர்பான வரிகள்

மெக்சிக்கோ நாடு பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் குளிர்பானங்கள் மீது இரண்டு வரிகளை விதித்தது. 2002-இல் வந்த முதல் வரி கரும்புத் தொழிலைக் காக்க எழுந்தது. 2014-இல் வந்த இரண்டாவது வரி குடிப்பவரின் உடல்நலம் கருதி எழுந்தது.

முதல் வரி

அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய மூன்று நாடுகளின் வணிக ஒப்பந்தமான நாஃப்டா 1994-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் அமெரிக்க மக்காச்சோளத்தில் இருந்து எடுத்த, பிரக்டோசு மிகுந்த இனிப்புப் பாகு மெக்சிக்கோவின் கரும்புச் சர்க்கரைக்குப் போட்டியானது. ஆகவே, கரும்புச் சர்க்கரை அல்லாத இனிப்புகள் சேர்த்த பானங்களுக்கு 2002 சனவரியில் 20% வரி விதிக்கப்பட்டது. அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து வென்றது. 2007 சனவரியில் வரி நீங்கியது.

உடலுக்குள் நடப்பது

எந்தச் சர்க்கரை என்பதே அன்றைய வழக்கு. உடலுக்கோ இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் இருப்பவை குளுக்கோசும் பிரக்டோசும். பிரக்டோசின் பெரும்பகுதியைக் கல்லீரல் கையாளுகிறது. அளவு மிகும்போது அது கொழுப்பாக மாறுகிறது. நீர்மமாகக் குடிக்கும் சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வை அவ்வளவாகத் தருவதில்லை. அதனால் வழக்கமான உணவும் குறைவதில்லை. நாள்தோறும் குடிப்போருக்கு உடற்பருமன், இன்சுலின் எதிர்ப்பு, இரண்டாம் வகை நீரிழிவு ஆகியவற்றின் இடர் கூடுகிறது. 2012-இல் மெக்சிக்கோவின் வயது வந்தோரில் 70 விழுக்காட்டினருக்கும் மேல் மிகை எடையோ பருமனோ உடையவர்களாக இருந்தனர்.

இரண்டாவது வரி

600 மி.லி. குளிர்பானத்தில் 12 தேக்கரண்டி சர்க்கரை உண்டு என்று மக்கள்நல அமைப்புகள் 2013-இல் விளம்பரம் செய்தன. குளிர்பான நிறுவனங்கள் எதிர்த்தபோதும் சட்டம் நிறைவேறியது. 2014 சனவரி 1 முதல், சர்க்கரை எந்த வகையானாலும், லிட்டருக்கு 1 பெசோ வரி வந்தது. இது விலையில் சுமார் 10%.

முதல் ஆண்டில் இப்பானங்களை வாங்குவது, வரி இல்லாவிட்டால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவைவிடச் சராசரியாக 6% குறைந்தது. ஏழைக் குடும்பங்களில் 9% குறைந்தது. பாட்டில் தண்ணீர் வாங்குவது கூடியது.

வரியின் எல்லை

சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப அல்லாமல் லிட்டர் கணக்கில் விதித்ததால், சர்க்கரையைக் குறைக்கும் தூண்டுதல் உற்பத்தியாளருக்கு இல்லை. பல்லாண்டுகளாக வளர்ந்த நோயும் உடனே தணியவில்லை: 2016-இல் அரசு நீரிழிவை நோய்ப்பரவல் நெருக்கடியாக அறிவித்தது. 2020-இல் உணவு, பானப் பொதிகளில் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரைகள் வந்தன. விலை உயர்ந்தால் வாங்குவது குறையும் என்று காட்டியதே இரண்டாவது வரியின் பங்களிப்பு. நோயைக் குறைக்க அது ஒன்று மட்டும் போதாது.