யாழ்ப்பாணத்துப் பெண்கல்வியும் வறுமையும்

பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாடசாலை தொடங்கிய ஆண்டையும் தொடக்கியவர் பெயரையுங் கூறி அமைவர். அப்பாடசாலைக்கு முதலில் வந்த பெண்கள் எத்தகைய குடும்பத்தினர், பெற்றோர் அவர்களை ஏன் அனுப்பினர் என்னும் வினாக்களும் ஆராயத்தக்கனவே. உடுவிலின் வரலாறு இவற்றிற்கு விடை தருகின்றது.

1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனார் ஆண்பிள்ளைகளைப் பாடசாலைக்கு எளிதிற் பெற்றனர். ஆடவர்க்குக் கல்வி உத்தியோகத்திற்கு வழியாயிற்று. பெண்ணுக்கோ எழுத்தறிவால் ஆவதொன்றில்லை என்பதே அக்காலத்தார் பலரின் கருத்து. ஏழைக் குடும்பங்களுக்கு வேறொரு தடையும் இருந்தது. மகள் பாடசாலைக்குச் சென்றால் தம்பி தங்கையரைப் பார்ப்பதற்கும் நெற்குற்றுவதற்கும் வீட்டில் ஆளில்லை.

1824இல் ஹரியற் வின்சிலோ அம்மையார் உடுவிலிலே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையொன்றை நிறுவினார். அங்கே உணவும் உடையும் உறைவிடமும் இலவசமாக வழங்கப்பட்டன. தொடக்கத்தில் வந்தோர் பெரும்பாலும் வறிய குடும்பத்துப் பெண்களே. கற்றுத்தேறிக் கிறித்தவரை மணக்கும் பெண்களுக்கு மிஷனார் சீதனமும் உதவினர். பெண்ணைப் பெற்ற ஏழைக்குச் சீதனமே பெருங்கவலையாயிருந்த நாட்டில் இவ்வுதவியின் வலிமை சொல்லாமலே விளங்கும். அறிவுரை கூறி அழைத்தபோது வாராத பெண்கள், கல்வியின் செலவைப் பிறர் ஏற்றபோது வந்தனர்.

இவ்வுதவியில் மதமாற்ற நோக்கங் கலந்திருந்ததை மறைத்தலாகாது. வறுமையே மதமாற்றத்திற்கு வாயிலாயிற்று எனச் சைவர் வருந்தியதில் நியாயமுண்டு. ஆயினும் பெண்கல்வியைப் பொறுத்தவரை அவ்வருத்தம் செயலாக நெடுங்காலஞ் சென்றது. நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை ஆண்பிள்ளைகளுக்கானது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்களுக்காக மருதனார்மடத்தில் விடுதிக் கல்லூரி தொடக்கிய ஆண்டு 1913. உடுவிற் பாடசாலை தோன்றி 89 ஆண்டுகள் அப்போது கழிந்திருந்தன. இக்காலதாமதத்தின் இழப்பைப் பெரிதுஞ் சுமந்தோர் வறிய சைவக் குடும்பத்துப் பெண்களேயாவர்.

இனி, இக்கல்வியின் பயனை நோக்குவோம். 1840இல் யாழ்ப்பாணம் வந்த எலிசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உடுவிலிற் கற்பித்தார். 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என அவரைப் போற்றினர். தொடக்ககால மாணவியரின் புதல்வியரும் பேர்த்தியரும் அவரிடமே கற்றனர். கற்ற தாய் தன் மகளைக் கல்லாதவளாக விடாள் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஒரு தலைமுறைப் பெண்ணுக்கு அளித்த உதவி, மறுதலைமுறையில் தானே வளர்ந்து பயன் தந்தது.

மிஷனார் சிலர்க்குச் செய்த உதவியை அரசு யாவர்க்கும் உரிமையாக்கியது 1945இலாகும். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. மகனுக்குக் கட்டணஞ் செலுத்தியபின் மகளுக்குப் பணமில்லை என்ற வீடுகளில் இது பெருமாற்றத்தை விளைத்தது. 1881ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இலங்கைப் பெண்களில் நூற்றுக்கு மூவரளவே எழுத்தறிந்தோர். 1946இல் அத்தொகை சுமார் 44ஆகவும், 1981இல் சுமார் 83ஆகவும் உயர்ந்தது. பெண்களின் சராசரி மணவயதும் 1946க்கும் 1981க்கும் இடையே 21 அளவிலிருந்து 24 அளவுக்கு உயர்ந்தது. இதற்குக் காரணங்கள் பலவாயினும் கல்வி அவற்றுள் முதன்மையானது.

ஆயினும் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த தொழிலாளர் மகளிர்க்கு இப்பயன் உரிய காலத்திற் கிட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்றது 1970களிலேயே. அதுவரை கொழுந்து பறிக்கும் தாயின் குழந்தையைப் பார்க்கும் பொறுப்பு அவளுடைய மூத்த மகள்மீது விழுந்தது. அவள் வகுப்பில் அவளிடம் வெறிதே இருந்தது. உடுவிலிற் கண்ட உண்மையே ஈண்டும் புலனாகின்றது. பாடசாலையைத் திறந்து வைத்தல் மாத்திரம் ஏழைப் பெண்ணுக்குப் போதியதன்று. அவள் வருவதால் வீட்டுக்கு நேரும் இழப்பையுஞ் சமுதாயம் பகிர்ந்துகொள்ளல் வேண்டும்.