மிஞ்சிய தாள்களின் சாட்சியம்: ஜெர்மானிய அவசரப் பணச் சேகரிப்பு குறித்து

1914 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் ஜெர்மனியின் நகராட்சிகளும் சேமிப்பு வங்கிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் தாமாகவே பணம் அச்சிட்டன. நோட்கெல்ட் எனப்படும் அந்த அவசரப் பணம், நாணயவியல் சேகரிப்பாளர்களுக்கு இன்றும் மலிவாகக் கிடைக்கும் சரக்கு. ஏராளமாகக் கிடைப்பதாலேயே அக்காலப் பொருளாதாரத்தின் நேரடிச் சான்றாக அதைக் கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. ஆல்பத்தில் நிறைந்திருப்பதுதான் கடைவீதியிலும் நிறைந்திருந்தது என்ற ஊகம் இதற்கு அடியில் இருக்கிறது. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பணமாகத் தன் வேலையைச் செவ்வனே முடித்த தாள், வெளியிட்டவரிடமே திரும்பிச் சென்று அழிந்தது. நமக்கு எஞ்சியவற்றில் பெரும்பகுதி, பணமாக ஒருநாளும் புழங்காதவை அல்லது பணமாகத் தோற்றுப்போனவை.

போர் மூண்ட 1914 ஆகஸ்டில் மக்கள் வெள்ளிக் காசுகளைப் பதுக்கினார்கள், சில்லறை மறைந்தது. அந்த இடைவெளியை நிரப்ப வந்த முதல் தாள்களில் அலங்காரம் எதுவும் இல்லை. தொகையும் வெளியிட்டவர் முத்திரையும் கையெழுத்தும் இருந்தால் போதும். சில்லறை திரும்பியதும் அவை மீட்கப்பட்டன. தப்பியவற்றில் பலவற்றில் ரத்து முத்திரையோ துளையோ உண்டு. அந்தத் துளையைக் குறை என்று சொல்லி விலையைக் குறைக்கும் சந்தை வழக்கம் எனக்கு விளங்கியதில்லை. தாள் பணமாக வாழ்ந்து முடிந்ததற்கு அதைவிட வலுவான அத்தாட்சி வேறில்லை.

1920க்குப் பிறகு கதை மாறுகிறது. 25, 50, 75 பெனிக் (நூறு பெனிக் ஒரு மார்க்) மதிப்புகளில் வண்ணப் படங்களோடு தொடர்ச்சீட்டுகள் வரத் தொடங்கின. ஹாமெல்ன் நகரம் எலிகளை அழைத்துச் சென்ற குழலூதியைப் போட்டது. எர்ஃபுர்ட் லூதரைப் போட்டது. நௌம்புர்க் தன் செர்ரித் திருவிழாக் கதையை வால்டர் ஹேகேயின் நிழலுருவங்களில் சொன்னது. பீலஃபெல்டின் நகரச் சேமிப்பு வங்கியோ பவுல் ஹாங்கேயின் தலைமையில் பட்டிலும் லினனிலும்கூட அச்சடித்தது. சாக்சனியில் மைசன் பீங்கான் ஆலை பழுப்புச் சுடுமண்ணில் காசு வார்த்தது. இவற்றில் பல, கடையில் நீட்டுவதற்காகப் பிறந்தவையே அல்ல. சேகரிப்பாளர் வாங்கி ஆல்பத்தில் வைக்கப் பிறந்தவை.

இதனால் தூய்மைவாத நாணயவியலாளர்கள் தொடர்ச்சீட்டுகளைப் பொம்மைப் பணம் என ஒதுக்குகிறார்கள். அந்த ஒதுக்கலை நான் ஏற்கவில்லை. மீட்பதாக எழுதி விற்கப்பட்ட தாள் மீட்புக்கு வராவிட்டால், அதன் முகமதிப்பில் அச்சுச் செலவு போக மீதி முழுவதும் வெளியிட்ட நகரத்துக்கு வருமானம். சேகரிப்பாளரின் ஆல்பமே நகராட்சிக்கு வட்டியில்லாத, திருப்பித் தர வேண்டியிராத கடனாயிற்று. ஆகவே சேகரிப்பு அந்தப் பணத்தின் வரலாற்றுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த பொழுதுபோக்கு அல்ல; அந்த வரலாற்றின் ஒரு கட்டத்தை நடத்தியதே அதுதான். 1922 ஜூலையில் இயற்றிய சட்டம் அவசரப் பண வெளியீட்டைத் தடுக்க முயன்றது. ஆனால் சில வாரங்களிலேயே விலைவாசி அந்தத் தடையைத் தாண்டிப் போய்விட்டது.

1923 ஜனவரியில் பிரெஞ்சு, பெல்ஜியப் படைகள் ரூர் பகுதிக்குள் நுழைந்தன. அங்கு வேலையை நிறுத்தி எதிர்த்த தொழிலாளருக்கு அரசு அச்சடித்த பணத்தில் கூலி கொடுத்தது. ருடால்ஃப் ஹாவன்ஷ்டைன் தலைமையிலான மத்திய வங்கியான ரைஹ்ஸ்பாங்க் நூற்றுக்கு மேற்பட்ட தனியார் அச்சகங்களை ஏவியும் வாரக் கூலிக்குத் தாள் போதவில்லை. 1922 டிசம்பர் தேதியிட்ட 1,000 மார்க் தாளின் மேல் சிவப்பில் 100 கோடி மார்க் என்று குறுக்கே அடித்து வெளியிட்டார்கள். துரிங்கியா மாநில வங்கிக்காக, பௌஹௌஸ் கலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஹெர்பர்ட் பேயர் வடிவமைத்த தாள்களில் சித்திரமில்லை. கனத்த எழுத்துகளும் எண்களும் மட்டுமே. தொடர்ச்சீட்டில் கதை சொன்ன நகரங்களும் இப்போது ஒருபுறம் மட்டும் அச்சடித்து நிறுத்திக்கொண்டன.

இந்தத் தாள்கள் மெய்யாகவே புழங்கினவே என்று இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். புழங்கின, சில நாள்களுக்கு. ஆனால் அவை எஞ்சியதற்குக் காரணம் வேறு. கணக்குப் போட்டால் தெரியும். 1923 நவம்பரில் வந்த புதிய நாணயமான ரென்டன்மார்க் ஒன்றுக்கு ஈடு லட்சம் கோடிக் காகித மார்க். அந்த வீதத்தில் பத்து லட்சம் மார்க் தாள்கள் பத்தாயிரம் சேர்ந்தால்தான் ஒரு பெனிக். அதற்காக யார் வங்கிக்கு மூட்டை சுமப்பார்கள்? அவை பெட்டிகளிலேயே தங்கின. உச்ச மதிப்பான 100 லட்சம் கோடி மார்க் தாளோ அதே வீதத்தில் நூறு மார்க் பெறும். 1924 பிப்ரவரி தேதியிட்ட அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தவர் வீணாக்கியிருக்க மாட்டார், மாற்றிக்கொண்டார். இன்று அது மிக அரிய தாள். பணவீக்கத்தின் உச்சம் என்று நாம் காட்சிக்கு வைக்க விரும்பும் தாளை அரிதாக்கியது, மார்க் நிலைபெற்ற பிறகும் அதற்கிருந்த மதிப்புதான்.

இதைவிடத் தெளிவான வகை, 1923 இலையுதிர்காலத்தில் வந்த நிலைமதிப்பு அவசரப் பணம். 0.42, 1.05, 2.10, 4.20 தங்க மார்க் என அதில் காணும் விசித்திரத் தொகைகள் டாலரின் பத்தில் ஒன்று, கால், அரை, முழு. மதிப்புக் குலையாத அந்தத் தாள்களை மக்கள் நம்பி வாங்கினார்கள், உரிய காலத்தில் கொடுத்து மீட்டுக்கொண்டார்கள். விளைவாக, சாதாரணச் சேகரிப்பில் கோடிகள் குவிந்து கிடக்க, இவை சில பக்கங்களை நிரப்பினாலே அதிகம். நெருக்கடியிலிருந்து நாடு மீண்ட வழியைக் காட்டும் தாள்தான் ஆல்பத்தில் மெலிந்து நிற்கிறது.

தேதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1910 ஏப்ரல் 21 தேதியிட்ட 1,000 மார்க் தாள் போருக்குப் பிறகும் அதே தேதியோடு அச்சானது. பச்சை முத்திரை பிந்தியது, சிவப்பு முந்தியது. போருக்கு முந்தைய மதிப்பில் மீட்டுத் தருவார்கள் என்று எண்ணிப் பல குடும்பங்கள் இவற்றைக் கட்டுக்கட்டாகப் பாதுகாத்தன. அந்த எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. இன்று இத்தாள் மிகுதியாகக் கிடைப்பதற்கு அந்த வீண் நம்பிக்கையும் ஒரு காரணம்.

ஆர்னால்ட் கெல்லர் போன்றோர் உழைத்துத் தொகுத்த பட்டியல்கள் வெளியிட்டவர், மதிப்பு, தேதி என்ற வரிசையில் செல்கின்றன. அவற்றோடு ஒவ்வொரு தாளுக்கும் எஞ்சிய காரணத்தையும் குறிக்க வேண்டும்: மீட்புக்கு வராததா, ரத்தாகித் தப்பியதா, விற்பனைக்கே அச்சானதா, நம்பிக்கையில் பதுக்கியதா. எண்ணிக்கையை வைத்துப் புழக்கத்தை மதிப்பிடும் எந்த ஆய்வும் முதலில் இந்த நான்கையும் பிரித்தாக வேண்டும்.