ஹெட்செட்டில் 'ங்ஙீஈஈ' சத்தம்... சொந்தமா விமானம் கட்டுறவங்களை அலையவிடும் சின்ன வாஷர்! என்ன காரணம்?

அமெரிக்காவில் வீட்டு கராஜிலேயே ஒருவர் சொந்தமா விமானம் கட்டலாம், சட்டம் அனுமதிக்குது. முக்கிய நிபந்தனை, வேலையில் பாதிக்கு மேல் அவரே செய்திருக்கணும். '51 சதவீத விதி' என்று இதைச் சொல்வாங்க. ஒரிகன் மாகாணத்தில் உள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. கிட்களை வைத்துக் கட்டப்பட்டு பறந்த விமானங்கள் மட்டுமே 11,000-க்கும் அதிகம்.

வருஷக்கணக்கில் ரிவெட் அடித்து, எஞ்சினை மாட்டி, முதல் தடவை ஸ்டார்ட் செய்து ஹெட்செட்டைப் போடும்போதுதான் பலருக்கு அந்த ஏமாற்றம். காதுக்குள் 'ங்ஙீஈஈ' என்று ஒரு இரைச்சல். த்ராட்டிலை ஏற்றினால் அதுவும் சுருதி ஏறுது, குறைத்தால் இறங்குது.

எரிச்சல்தானே, பொறுத்துக்கலாமே என்று விட முடியாது. 'ஓடுபாதைக்கு வெளியே நில்' என்று கோபுரம் சொல்வது தெளிவாகக் கேட்கணும். மைக் லைனிலும் இரைச்சல் புகுந்துவிட்டால், விமானி பேசுவதோடு சேர்ந்து அது கோபுரத்துக்கும் போகும். வயரிங் செய்தவரே விமானி என்பதால் வேறு யாரையும் குறை சொல்லவும் வழியில்லை!

சத்தம் எங்கிருந்து வருது?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் மூலம். அது தரும் மின்சாரம் டி.சி. ஆக மாற்றப்பட்டாலும் சின்ன ஏற்ற இறக்கம் மிச்சம் இருக்கும். எஞ்சின் வேகத்தோடு அந்த ஏற்ற இறக்கத்தின் வேகமும் கூடுவதால்தான் சுருதி ஏறுது. ஆல்டர்னேட்டர் சுவிட்சை ஆஃப் செய்ததும் சத்தம் நின்றால் மூலம் உறுதி. (இந்தச் சோதனையைத் தரையில் நிற்கும்போது செய்வதே நல்லது.)

ஆனா மூலம் தெரிந்ததும் ஆல்டர்னேட்டரையே மாற்றுவது, ஃபில்டர் வாங்கி மாட்டுவது என்று சிலர் செலவில் இறங்கிடுறாங்க. பெரும்பாலும் ஆல்டர்னேட்டரில் கோளாறு இருக்காது. அந்த ஏற்ற இறக்கம் எந்த வழியாக ஹெட்செட்டுக்குள் வருது என்பதைத்தான் தேடணும்.

ஷீல்டு இருந்தும் ஏன்?

ஆடியோ வயரைச் சுற்றி மெல்லிய கம்பிப் பின்னல் இருக்கும். அதுதான் ஷீல்டு. பக்கத்து வயர்களின் மின்புலம் உள்ளே புகாமல் தடுப்பது அதன் வேலை. இதைக் கிரவுண்டில் இணைக்கணும் என்பது எல்லாருக்கும் தெரியும். 'ரெண்டு பக்கமும் இணைச்சா இன்னும் நல்லதுதானே' என்று நினைப்பதில்தான் சிக்கலே.

விமானத்தில் கிரவுண்ட் என்பது வீட்டு எர்த் மாதிரி மண்ணுக்குள் போவதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனைதான் கிரவுண்ட். உலோக விமானத்தில் உடம்பே அந்த முனையோடு சேர்ந்திருக்கும். விளக்கு, பம்ப் எல்லாத்தின் மின்சாரமும் அந்த உடம்பு வழியாகவே திரும்பும்.

அதனால் உடம்பின் ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் நடுவில் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் வந்துவிடும். இடையில் 0.005 ஓம் மின்தடை இருந்து, 20 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட். விளக்குக்கு இது ஒண்ணுமே இல்லை. ஆடியோ சிக்னலே ஒரு வோல்ட்டுக்குக் கீழே நடமாடும் சமாச்சாரம் என்பதால் அங்கே இது பெரிய தொகை. ஷீல்டின் இரு முனையும் இரு இடத்தில் உடம்பைத் தொட்டால், ஆல்டர்னேட்டரின் ஏற்ற இறக்கத்துக்கு ஷீல்டே குறுக்குப்பாதை ஆகிடும். இதற்குப் பெயர்தான் 'கிரவுண்ட் லூப்'.

அதனால்தான் வழக்கமான விதி: இன்டர்காம் அல்லது ஆடியோ பேனல் பக்கம் மட்டும் ஷீல்டை இணைக்கணும். ஜாக் பக்கம் பின்னலை வெட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிடணும். சிக்னல் திரும்பிப் போக ஷீல்டுக்குள்ளேயே தனி வயர் ஓடும்.

சில கருவிகளின் மேனுவலில் ஷீல்டையே திரும்பும் வயராகப் பயன்படுத்தச் சொல்லியிருப்பாங்க. அப்போ அது ஜாக்கிலும் இணையும், தப்பில்லை. ஆனா அந்த ஜாக் உடம்பைத் தொடவே கூடாது. இந்த இடத்தில் மேனுவல் சொல்றதுதான் சட்டம்.

வாஷர் எதுக்கு?

ஷீல்டை ஒழுங்காக வெட்டியும் சத்தம் போகலையா? ஜாக்கைப் பாருங்க. ஹெட்செட்டுக்கு ரெண்டு ஜாக் உண்டு, கேட்க ஒன்று (6.35 மி.மீ.), மைக்குக்கு அதைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒன்று. ரெண்டுக்குமே வெளி உலோகப் பகுதிதான் கிரவுண்ட். அதை அலுமினியப் பேனலில் ஓட்டை போட்டு நேரடியாக முடுக்கினால், பின்னாடி பார்த்துப் பார்த்துச் செய்த வயரிங் அத்தனையும் வீண்.

ஜாக்குக்கும் பேனலுக்கும் நடுவில் நைலான் அல்லது ஃபைபர் வாஷர் ரெண்டு வேணும். ஒன்று தட்டை, இன்னொன்று ஓட்டைக்குள் இறங்கும் கழுத்து உள்ளது. கழுத்து இறங்கும் அளவுக்கு ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போடணும். பலர் தட்டை வாஷரை மட்டும் போட்டுவிட்டு, ஓட்டையின் விளிம்பில் ஜாக்கின் மரை உரசுவதைக் கவனிக்காமல் விட்டுடுறாங்க.

கண்டுபிடிக்க எளிய வழி, நட்டைக் கழற்றி ஜாக்கைக் காற்றில் தொங்கவிட்டுக் கேட்பது. சத்தம் நின்றால் குற்றவாளி அதுதான். மல்டிமீட்டர் இருந்தால், இன்டர்காம் கனெக்டரைக் கழற்றிட்டு ஜாக்கின் வெளிப்பகுதிக்கும் விமான உடம்புக்கும் நடுவில் வைத்துப் பார்க்கலாம். 'பீப்' அடிக்கக் கூடாது.

ஃபைபர் கிளாஸ் விமானத்தில் உடம்பு மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ஜாக் பேனலைத் தொட்டாலும் பிரச்னை குறைவு. ஆனா அங்கே எல்லாக் கிரவுண்ட் வயரையும் தனித்தனியாக ஒரே இடத்துக்குக் கொண்டுவரணும்.

ஒரு எச்சரிக்கை. 'ஒரு பக்கம் மட்டும்' என்ற இந்த விதி ஆடியோ வயருக்குத்தான். ரேடியோவிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸியல் கேபிளின் பின்னல் ரெண்டு முனையிலும் இணைந்தே இருக்கணும். அதையும் வெட்டிவிட்டால் ரேடியோவின் வீச்சு படுத்துடும்.