முதுமையில் தோல் வறட்சி: வெப்பமான ஊர்களில் பகல்நேர ஈரப்பதமூட்டியைத் தேர்ந்தெடுத்தல்

அறுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தோல் வறண்டு, செதில் உதிர்ந்து, அரிப்பெடுப்பது மிகவும் பொதுவான குறைபாடாகும். குளிர் நாடுகளில் இது பெரும்பாலும் பனிக்காலத் தொல்லையாகக் கருதப்படுகிறது. தமிழ்நாடு போன்ற வெப்பமான பகுதிகளிலோ ஆண்டு முழுவதும் நீடிக்கக்கூடும். எனினும் முகத்திலும் முதுகிலும் வியர்வை வழிவதால், தோலில் ஈரம் போதிய அளவில் இருப்பதாகவே முதியவரும் வீட்டாரும் எண்ணிவிடுகின்றனர். வியர்வை என்பது தோலின் மேல் வந்து ஆவியாகிவிடும் நீர். தோலுக்குள் தங்கியிருக்கும் நீர் அன்று. கடலோர ஊரின் புழுக்கத்தில் கழுத்து நனைந்திருக்கும் மூதாட்டியின் முழங்காலுக்குக் கீழே, தோல் வறண்ட ஏரியின் தரை போல வெடித்திருப்பது அரிதான காட்சியன்று.

கடைகளில் ‘மாய்ஸ்சரைசர்’ என்று கேட்டு வாங்கப்படும் ஈரப்பதமூட்டியைப் பகல் நேரத்திற்கு எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பூசுவது, எந்த நிலையில் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

வயதாகும்போது தோல் வறள்வது ஏன்?

தோலின் மேற்படலத்தைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடுவது வழக்கம். உயிரிழந்து தட்டையான செல்கள் செங்கற்கள். அவற்றைப் பிணைக்கும் செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்து. வயது ஏற ஏற இச்சாந்து குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் தளர்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் ஈஸ்டிரோஜன் குறைவதால் இம்மாற்றம் விரைவுபடுகிறது. சாந்து உதிர்ந்த சுவரின் விரிசல்கள் வழியே உள்ளிருக்கும் நீர் வெளியேறுகிறது. சோப்பும் தூசியும் கிருமியும் உள்ளே புகுகின்றன. எனவே இது வெறும் அழகு சார்ந்த செய்தி அன்று. சொறிந்த இடத்தில் ஏற்படும் சிறு கீறலும், குதிகாலின் வெடிப்பும் கிருமித்தொற்றுக்கு வாயிலாகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்கு அதுவே காலில் ஆறாத புண்ணாக மாறலாம்.

நம் அன்றாடப் பழக்கங்கள் சில இவ்வறட்சியைக் கூட்டுகின்றன. இயல்பான தோல் சற்று அமிலத்தன்மை உடையது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 5. வழக்கமான குளியல் சோப்போ 9 முதல் 10 வரை காரத்தன்மை கொண்டது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரில் சோப்பு சரியாகக் கரையாமல் தோலிலேயே படிந்து நிற்கும். இவற்றோடு கொதிக்கக் கொதிக்க வெந்நீரும், பீர்க்கங்கூட்டால் அழுத்தித் தேய்ப்பதும் சேர்ந்தால், எஞ்சியிருக்கும் கொழுப்பும் கழுவப்பட்டுவிடும். குளிர்சாதன அறையில் நெடுநேரம் இருப்பதும் அவ்வாறே. அந்த அறையின் காற்று வறண்டது.

உடலின் நீர்க்குறைவும் தோலின் வறட்சியும்

இவை இரண்டும் ஒன்றல்ல. நிறையத் தண்ணீர் குடிப்பதால் மட்டும் வறண்ட தோல் சீராகிவிடாது. களிம்பு பூசுவதால் உடலின் நீர்க்குறைவும் தீராது. முதியவர்களுக்குத் தாக உணர்வு மங்கியிருக்கும் என்பதால், கோடையில் கேட்காமலேயே அவர்களுக்கு நீர் கொடுக்க வேண்டும். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்து நீர்க்குறைவை மதிப்பிடும் வழக்கம் முதியவர்களிடம் நம்பத்தக்கதன்று. அவர்களின் தோல் இயல்பாகவே நெகிழ்வை இழந்திருக்கும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போதல், வாய் உலர்தல், எழுந்து நிற்கையில் தலைசுற்றல், புதிதாகத் தோன்றும் மனக்குழப்பம் ஆகியவையே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். மனக்குழப்பமோ மயக்கமோ இருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

களிம்பில் என்ன இருக்கிறது?

விளம்பரம் எதுவாயினும், ஈரப்பதமூட்டிகள் அனைத்தும் மூன்று வகைப் பொருள்களின் கலவையே. கிளிசரின், யூரியா, லாக்டிக் அமிலம், ஹயலுரானிக் அமிலம் போன்றவை நீரை ஈர்த்துப் பிடித்து வைப்பவை. செராமைடு, ஸ்குவாலேன், தாவர எண்ணெய்கள் போன்றவை செல்களுக்கிடையே உள்ள இடைவெளியை நிரப்பி மென்மையாக்குபவை. பெட்ரோலியம் ஜெல்லி, திரவ பாரஃபின், டைமெத்திகோன் போன்றவை மேலே மூடியாக நின்று நீர் ஆவியாவதைத் தடுப்பவை.

நீரை மூடிக் காப்பதில் பெட்ரோலியம் ஜெல்லிக்கு இணையானது மிகக் குறைவு. விலையும் மலிவு. ஆனால் கத்திரி வெயிலின் பகற்பொழுதில் அதை முகத்திலும் மார்பிலும் தடித்துப் பூசினால் வியர்வை வெளியேற வழியின்றி வேர்க்குருவும், மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்களும் தோன்றலாம். பிசுபிசுப்பைப் பொறுக்க முடியாமல் இரண்டாம் நாளே முதியவர் அதைக் கைவிட்டுவிடுவார் என்பதையும் கருத வேண்டும். எவ்வளவு சிறந்த களிம்பாயினும் பூசாமல் அலமாரியில் இருந்தால் பயனில்லை. ஆகவே பகலுக்கு இலகுவானது, இரவுக்குக் கெட்டியானது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே வெப்பமான ஊர்களுக்கு நடைமுறையில் பொருந்தும்.

பகலுக்கு ஏற்றது எது?

முகம், கழுத்து, கைகளுக்குக் கிளிசரினும் டைமெத்திகோனும் சேர்ந்த லோஷன் அல்லது மென்கிரீம் பெரும்பாலோருக்குப் போதுமானது. டைமெத்திகோன் எண்ணெய்ப்பசையின்றி மெல்லிய மூடியாக நிற்கும். செராமைடு சேர்ந்தது கிடைத்தால் நன்று. ஆனால் அதற்காக மும்மடங்கு விலை கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீரை ஈர்க்கும் பொருள் மட்டுமே உள்ள ‘ஜெல்’ வகைகள் பூசியவுடன் குளிர்ச்சியாக இருக்கும். எனினும் மூடிக் காக்கும் பொருள் இல்லாததால், வறண்ட காற்றில் சிறிது நேரத்திலேயே தோல் மீண்டும் இறுகும். முதிர்ந்த தோலுக்கு அவை தனித்துப் போதா.

ஊருக்கேற்பவும் தேர்வு மாறும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் காற்றில் ஈரம் மிகுதி, லோஷன் போதும். வேலூர், திருச்சி, மதுரை போன்ற உள்மாவட்டங்களில் கோடையின் உலர்ந்த வெப்பக்காற்றுக்குச் சற்றுக் கெட்டியான கிரீம் தேவைப்படலாம். கடலோரத்தில் வாழ்ந்தாலும் நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் இருப்பவரை உள்மாவட்டத்தவராகவே கொள்க.

முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியும் பாதமும் வேறு கணக்கு. அங்கு எண்ணெய்ச் சுரப்பிகள் மிகக் குறைவு. உள்ளங்காலில் அறவே இல்லை. ஆகையால் பகலிலும் கெட்டியான கிரீமே ஏற்றது. 5 முதல் 10 விழுக்காடு யூரியா கலந்த கிரீம் செதில்களை இளக்கி நீரைப் பிடித்து வைக்கும். வெடிப்பில் பட்டால் எரியும் என்பதால், ஆழ்ந்த வெடிப்பு ஆறும்வரை அவ்விடத்தில் பெட்ரோலியம் ஜெல்லியைப் பயன்படுத்தலாம். கால்விரல் இடுக்குகளிலும், மார்பின் கீழ் மடிப்பிலும், தொடை இடுக்கிலும் எதையும் பூச வேண்டாம். அவ்விடங்கள் ஈரமாக இருப்பது பூஞ்சைத் தொற்றுக்கு இடமளிக்கும்.

தேங்காய் எண்ணெய் போதாதா?

பலர் கேட்கும் நியாயமான கேள்வி இது. மிதமான வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் உண்மையிலேயே பயன் தருகிறது. பிலிப்பைன்ஸில் நடத்தப்பட்டு 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், தூய தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெய்க்கு இணையாகத் தோலின் நீர்ப்பசையைக் கூட்டியது. குளித்தபின் ஈரத்தோலில் கை கால்களுக்கு மெல்லியதாகத் தடவலாம். ஆனால் அது நீரை ஈர்க்கும் பொருள் அன்று. உலர்ந்த தோலில் தடவினால் பளபளப்பே மிஞ்சும். எண்ணெய்க் குளியலிலும் ஒரு முரண் உண்டு. நல்லெண்ணெய் தேய்த்துப் பெற்ற பயனைச் சீயக்காயும் கடலைமாவும் கொண்டு அழுத்தித் தேய்ப்பது பெரும்பாலும் பறித்துவிடுகிறது. பன்னீரில் கலந்த கிளிசரின் பழமையான, எளிய முறை. கிளிசரினை நீர் கலக்காமல் அப்படியே பூசினால் எரிச்சல் உண்டாகும்.

வெயிலிலிருந்து காப்பு

எந்த எண்ணெயும், சாதாரண ஈரப்பதமூட்டியும் வெயிலைத் தடுக்கா. மாநிறத்தவருக்கும் கறுப்புநிறத்தவருக்கும் இயற்கையான பாதுகாப்பு ஓரளவு உண்டு என்றாலும், நிறத்திட்டுகளும் தோல் மெலிதலும் அவர்களுக்கும் ஏற்படுகின்றன. வெளியே செல்வோர் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட பூச்சைப் பயன்படுத்தவும். ஈரப்பதமூட்டியும் வெயில்காப்பும் ஒன்றாகச் சேர்ந்த பூச்சு வீட்டு வாயிலைத் தாண்டாதவர்களுக்கு வசதியானது. ஆனால் பலர் அதைக் கடுகளவே எடுத்துப் பூசுவதால், அட்டையில் குறிப்பிட்டுள்ள பாதுகாப்பு கிடைப்பதில்லை. முகத்திற்கும் கழுத்திற்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்திற்குப் பிதுக்கிய அளவு தேவை; வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வயலிலோ சந்தையிலோ நிற்பவர்களுக்கு இது எளிதன்று. குடையும் முழுக்கைப் பருத்தி ஆடையும் அவர்களுக்கு நம்பகமானவை. இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதயசைடு, தொற்றுக்குத் தரப்படும் டாக்ஸிசைக்ளின் ஆகியவை வெயிலில் தோல் எளிதில் சிவக்கச் செய்யக்கூடியவை. அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம்.

வாங்கும்போது

உட்பொருள்கள் அளவின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். கிளிசரின் முதல் சில பெயர்களுக்குள் வருகிறதா என்று மருந்தாளுநரைப் படித்துச் சொல்லச் செய்யுங்கள். நறுமணம் சேர்க்காததை வாங்கவும். முதிர்ந்த தோலில் ஒவ்வாமைக்கு நறுமணப் பொருள்கள் முக்கியக் காரணம். ‘இயற்கையானது’, ‘மூலிகை’ போன்ற சொற்கள் ஒவ்வாமை வராது என்பதற்கு உறுதி அல்ல. புதிதாக வாங்கியதை முன்கையின் உட்புறத்தில் சில நாள்கள் பூசிப் பார்த்தபின் முகத்திற்குப் பயன்படுத்தவும்.

உடல் முழுவதும் ஒருமுறை பூச ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் செலவாகும். 50 கிராம் குழாய் இரண்டு நாளைக்கு வராது. எனவே விலையுயர்ந்த சிறு புட்டியைச் சிக்கனமாகத் தொட்டுப் பூசுவதைவிட, மலிவான பெரிய புட்டியைத் தாராளமாகப் பூசுவது நல்லது.

ஓர் எச்சரிக்கை மிக முக்கியமானது. முகத்தை ஒரே வாரத்தில் பொலிவாக்கும் என்று விற்கப்படும் சில களிம்புகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உள்ளன. தொடக்கத்தில் தோல் மென்மையாகத் தோன்றும். பின்னர் மெலிந்து, சிவந்து, சிறு இரத்தக் குழாய்கள் வெளித்தெரியும். இவ்வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக்கூடாது என இந்திய அரசு 2018-இல் விதித்தது. தயாரிப்பாளர் பெயரோ உட்பொருள் பட்டியலோ இல்லாத சிவப்பழகுக் களிம்புகளில் பாதரசம் இருக்கக்கூடும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது என்றாலும், பட்டியல் இல்லாததைப் பூச வேண்டாம்.

பூசும் முறை

இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடத்திற்கு மேற்படாமல் குளிக்கவும். சோப்பை அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, தோலில் ஈரம் சற்று மீதமிருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடங்களுக்குள், பூச வேண்டும். நேரம் தவறாமல் இருப்பது எந்தப் பொருள் என்பதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. மயிர் வளரும் திசையில், மேலிருந்து கீழாகத் தடவவும். வியர்த்திருந்தால் முதலில் வெறும் நீரால் கழுவி ஒற்றிய பின்னரே மீண்டும் பூசவும். வெயில்காப்புப் பூச்சை ஈரப்பதமூட்டி ஊறிய சில நிமிடங்களுக்குப் பின் பூசலாம்.

பராமரிப்பவர்கள் கவனத்திற்கு

பாதத்தில் கிரீம் பூசியவரை உடனே நடக்க விடாதீர்கள். குளியலறைத் தரையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். மற்றோர் ஆபத்து நம்மில் பலர் அறியாதது. களிம்பு ஊறி உலர்ந்த துணி எளிதில் தீப்பற்றும்; வேகமாகவும் எரியும். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இதுபற்றி 2018-இல் எச்சரித்தது. பாரஃபின் இல்லாத களிம்புகளுக்கும் இது பொருந்தும். விளக்கேற்றும்போதும், அடுப்பருகே நிற்கும்போதும், பீடி புகைக்கும்போதும் முதியவரின் சேலை முந்தானை, வேட்டி, போர்வை ஆகியவற்றைக் கவனிக்கவும். துவைத்தாலும் களிம்பு முழுமையாக நீங்குவதில்லை.

பூசும் வேளையே உடலைப் பார்வையிடும் வேளையும் ஆகும். நீரிழிவு உள்ளவரின் உள்ளங்கால், குதிகால், விரலிடுக்குகளை அப்போது நாள்தோறும் பார்த்துவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது காட்ட வேண்டும்?

இரண்டு வாரம் முறையாகப் பூசியும் அரிப்பு தணியாவிட்டால் காட்டவும். தடிப்பு ஏதுமின்றி உடல் முழுவதும் அரிப்பது சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றின் கோளாறாலோ, இரும்புச்சத்துக் குறைவாலோ இருக்கலாம். இரவில் அரிப்பு மிகுந்து, வீட்டில் பிறருக்கும் அரித்தால் அது சிரங்காக இருக்கக்கூடும்; அதற்கு வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை பெற வேண்டும். பெரிய நீர்க்கொப்புளங்கள், ஆறாத புண், உருமாறும் மச்சம் ஆகியவற்றையும் காட்டவும்.

வெளிறியோ சிவந்தோ உள்ள திட்டில் வியர்வையும் தொடுவுணர்ச்சியும் இல்லாதிருந்தால், அதை வறட்சி என்று எண்ணிக் களிம்பு பூசிக்கொண்டிருக்க வேண்டாம். அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கான மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாக வழங்கப்படுகிறது. உரிய காலத்தில் தொடங்கினால் ஊனம் ஏற்படாமல் தடுக்கலாம்.

கால் சிவந்து, சூடேறி, வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும். நடமாட இயலாதவர்களின் கால் வெடிப்பையும் புண்ணையும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கு வரும் பணியாளரிடம் காட்டலாம். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும்.