குதிரை முடியின் கனம்

மூளை வலிதா, கணினி வலிதா என்னும் வினாவுக்கு வேகத்தை மட்டும் அளவுகோலாக்கினால் வழக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய 'பை'யின் வரலாறே அதற்குச் சான்று.

உலூக் பேக்கின் ஆதரவில் சமர்கந்தில் வாழ்ந்த வானியலறிஞர் ஜம்ஷீத் அல்காஷி, ஹிஜ்ரி 827இல் (கி.பி. 1424) 'அர்ரிசாலா அல்முஹீதிய்யா' என்னும் நூலில் அவ்விகிதத்தைத் தசமத்தில் 16 இலக்கங்கள் வரை சரியாகக் கண்டார். 1949இல் அமெரிக்காவின் எனியாக் கணினி, சுமார் 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்டு, 70 மணி நேரத்தில் 2,037 இலக்கங்களைத் தந்தது.

ஆயினும் அல்காஷி கணக்கைத் தொடங்குமுன் செய்ததைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு துல்லியம் போதும் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். பூமியின் விட்டத்தைப் போல் 6,00,000 மடங்கு விட்டமுள்ள வட்டத்தைக் கற்பனை செய்து, அதன் சுற்றளவில் பிழை ஒரு குதிரை முடியின் கனத்தைத் தாண்டலாகாது என வரையறுத்தார். அதற்கு 80,53,06,368 பக்கங்களுள்ள பலகோணம் தேவை எனக் கண்டறிந்தார். 3ஐ 28 முறை இரட்டித்தால் வரும் எண் அது. பிறகே, அறுபதின் அடுக்குகளில் அமைந்த பின்னங்களைக் கொண்டு வர்க்கமூலம் மேல் வர்க்கமூலமாகக் கணித்துச் சென்றார். ('அல்காரிதம்' என்ற சொல்லின் மூலம் அல்குவாரிஸ்மி என்பதைச் சொல்லி மகிழும் நாம், அல்காஷியை ஏனோ நினைப்பதில்லை.)

எனியாக்குக்கு அத்தகைய கேள்வி எழவில்லை. 'பை'யின் இலக்கங்கள் எவ்வாறு பரவியுள்ளன என்று அறிய விரும்பியவர் ஜான் வான் நியூமன் என்ற மனிதர். அவர் மறைந்தபின் 1958இல் வெளிவந்த 'கணினியும் மூளையும்' என்ற பொருள்படும் நூல் இவ்வொப்பீட்டின் தொடக்கநூல் எனலாம். நரம்பணு மின்னணு உறுப்பைவிட மிக மெதுவானது, துல்லியத்திலும் குறைந்தது. ஆனால் கோடிக்கணக்கானவை ஒருங்கே இயங்குகின்றன, அதுவும் மிகச் சொற்ப ஆற்றலில் என அவர் விளக்கினார்.

அவர் கூறிய வேறுபாட்டின் அளவு 2013இல் புலப்பட்டது. ஜப்பானின் 'கே' மீக்கணினி 82,944 செயலிகளைக் கொண்டு 173 கோடி நரம்பணுக்களின் வலையமைப்பைப் போலி செய்தது. மனித மூளையில் இருப்பவை ஏறக்குறைய 8,600 கோடி. அச்சிறு பகுதியின் ஒரு நொடி இயக்கத்துக்கு அதற்கு 40 நிமிடங்கள் பிடித்தன. அது விழுங்கிய மின்சாரம் மெகாவாட் கணக்கில். மூளைக்கோ சுமார் 20 வாட் போதுமானது.