வழக்கம் சட்டமான கதை

ஒருவரைப் பொது இடத்துக்குள் விடாமல் தடுக்க அன்று தனிச் சட்டம் வேண்டியிருக்கவில்லை, வழக்கமே போதும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து ராமநாதபுரம் ஜமீன்தார் பாஸ்கர சேதுபதி தொடுத்த வழக்கு, 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இடையே, 1899இல், கோயில் நுழைவுப் பகையில் நாடார்கள் மிகுந்த சிவகாசியே தாக்கப்பட்டது. இருந்த வழக்கத்தைத்தானே நீதிமன்றம் ஏற்றது என்பார்கள். ஆனால், நெடுங்காலம் தடுத்ததையே தடுக்கும் உரிமைக்குச் சான்றாக ஏற்றதால், ஊர்க்கட்டுப்பாடு அரசாணையின் பலம் பெற்றது. நாடார் தரப்பும் (இதை மறைப்பானேன்?) எல்லோருக்கும் கதவு திறக்கக் கோரவில்லை, தாங்கள் க்ஷத்திரியர் என்றே வாதாடியது. அதே சமூகம், தன் வணிகர்களிடம் திரட்டிய பொதுநிதியான மகமைப் பணத்தில் விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலையோ பிற சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் தந்தது. கோயிலில் தடுப்பதே குற்றம் என்றாக, 1947 சென்னை ஆலயப் பிரவேசச் சட்டம் வரவேண்டியிருந்தது.