இதயத்தை நிறுத்தியவரா, மூச்சை ஆண்டவரா?

மயிலாப்பூர், மந்தைவெளிக்காரர்களுக்கு யோகாசாரியர் டி. கிருஷ்ணமாச்சாரியாரின் பெயர் தெரிந்திருக்கும். 1888இல் பிறந்தவர், மைசூர் மகாராஜா ஆதரவில் யோகசாலை நடத்தியவர், 1952இல் சென்னைக்கு வந்து 1989இல் மறையும் வரை இங்கேயே இருந்தவர். அவர் பெயரில் 1976இல் மகன் தேசிகாச்சார் தொடங்கிய யோக மந்திரம் இன்றும் நடக்கிறது.

அவர் இதயத்தையே நிறுத்திக் காட்டினார் என்று பலரும் சொல்வதுண்டு. நடந்தது என்ன?

1935இல் தெரேஸ் ப்ரோஸ் என்ற பிரெஞ்சு இதய மருத்துவர் கருவிகளோடு இந்தியா வந்தார். ஆசாரியர் மூச்சை அடக்கியபோது இ.சி.ஜி. அலை கிட்டத்தட்டத் தட்டையாகிவிட்டது. செய்தி உலகெங்கும் பரவியது. 1957 வாக்கில் அமெரிக்காவிலிருந்து வெங்கர், பாக்சி இருவரும் வந்து, டெல்லி எய்ம்ஸின் பி. கே. ஆனந்துடன் சேர்ந்து, ஆசாரியர் உட்பட சில யோகிகளைச் சோதித்தனர். 1961இல் முடிவு வெளியானது: இதயம் நிற்கவில்லை. மூச்சை அடக்கி, குரல்வளையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் கூடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. நாடி கைக்குத் தட்டுப்படாது, இதய ஒலியும் கேட்காது. ஆனால் இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது.

இதனால் ஆசாரியரின் பெருமை குறைந்துவிட்டதா? இல்லை என்பேன். அவர் ஆண்டது இதயத்தை அல்ல, மூச்சுத் தசைகளை. அதுவே அரிய காரியம்.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம்தான் முக்கிய மூச்சுத் தசை. கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு அதை இயக்குகிறது. தூங்கும்போது மூளைத்தண்டு தானாக ஆணையிடும். விழித்திருக்கும்போது நாமும் ஆணையிடலாம். இந்த இரட்டை ஆட்சி இதயத்துக்குக் கிடையாது. நரம்பு முனையும் தசையும் ஒட்டுவதில்லை. இடையே நுண்ணிய இடைவெளி உண்டு. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அதைக் கடந்து செய்தி சொல்கிறது. நரம்புகள் வேதிப்பொருளால் செய்தி கடத்துவதைக் கண்டறிந்ததற்காக டேல், லோவி இருவருக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சந்திப்பு கல்லில் செதுக்கியது அல்ல. ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் கால் தசைகளில் சந்திப்பின் பரப்பு விரிவது தெரியவந்துள்ளது. உதரவிதானமோ பயிற்சியால் களைப்பைத் தாங்கும் திறன் பெறுகிறது. ஓய்வு கொடுத்தால் என்ன ஆகும்? 2008இல் வந்த ஆய்வொன்றில், மூளைச்சாவு அடைந்து 18 முதல் 69 மணி நேரம் செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களின் உதரவிதான இழைகள் பாதிக்கும் மேல் சுருங்கியிருந்தன. ஐ.சி.யு.விலிருந்து வீடு திரும்பும் நம் பெரியவர்கள் சிலருக்கு மூச்சுப் பயிற்சியை மருத்துவர் வற்புறுத்துவது ஏன் என்று இப்போது புரியும்.

ஆகவே, மூச்சை அடக்கிப் பந்தயம் கட்டாதீர்கள். ரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம். நாகேஸ்வர ராவ் பூங்காவில் வேகமாக நடந்தாலே உதரவிதானத்துக்கு வேலைதான். வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, இதயம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். உண்மையைச் சொல்வதால் எந்த ஆசிரியரும் சிறுத்துப் போவதில்லை.